ஆட்டத்துக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் நண்பர்கள் எல்லாம் ரோபோ, சோலார், எலக்ட்ரிக் வண்டின்னு நல்ல நல்ல தலைப்பாகப் பார்த்து எடுத்துக்கிட்டாங்க. நான் எடுத்துக்கிட்டது கில்லியும் பம்பரமும்! "டிப்ளமா படிக்கிறவன் எழுதுற விஷயமாடா இது?" என்று சிரிக்காதீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நாம் ஒர்க்‌ஷாப்பில் காக்கிச் சட்டை போட்டு லேத்தைத் தொடுவதற்குப் பல வருஷம் முன்னாடியே, தெருப் புழுதியில் மெக்கானிக்ஸ் பாடம் ஆரம்பமாகிவிட்டது. அதற்கு வாத்தியார் கிடையாது, பரீட்சை கிடையாது. ஆனால் கால அட்டவணை மட்டும் கண்டிப்பாக உண்டு!

அந்தக் கால அட்டவணையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

யோசித்துப் பாருங்கள். ஒரு மாசம் தெரு முழுக்கப் பம்பரம். திடீரென்று ஒருநாள் பம்பரம் எல்லாம் பரண் மேல் ஏறிவிடும். எல்லார் கையிலும் கோலி. அதுவும் போய் வானமெல்லாம் காத்தாடி. யார் தேதி குறித்தது? பேப்பரில் அறிவிப்பு வந்ததா? தண்டோரா போட்டார்களா? இல்லை. ஆனாலும் ஒரு ஊர்ப் பையன்கள் அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் தெரிந்துவிடும். எப்படி?

மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் 1954-ல் 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' என்று ஒரு நூலே எழுதினார். அதில் சிறுவர் ஆட்டங்களைப் பகலில் ஆடுவது, இரவில் ஆடுவது என்று பொழுதை வைத்துப் பிரித்துக் காட்டுகிறார். பொழுதுக்கு ஓர் ஆட்டம் இருப்பது போலவே பருவத்துக்கும் ஓர் ஆட்டம் உண்டு. அந்தப் பருவத்தை முடிவு செய்வது நாலே நாலு விஷயம்: மண், தண்ணீர், காற்று, மரம். மண் காய்ந்திருக்கா, ஈரமா? ஏரியில் தண்ணி இருக்கா? காத்து எந்தப் பக்கம் அடிக்குது? மரத்தில் என்ன காய்த்திருக்கு? இந்த நாலு கேள்விக்கும் பதில் தெரிந்தால் பையன்கள் என்ன ஆடுவார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

நம்ம ஊர் மண்

நெமிலிச்சேரி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சென்ட்ரலில் இருந்து அரக்கோணம் போகும் எலக்ட்ரிக் ட்ரெயினில் ஆவடி, இந்துக் கல்லூரி, பட்டாபிராம் தாண்டினால் நெமிலிச்சேரி. அதற்கு அடுத்தது திருநின்றவூர். ஒரு பக்கம் ஆவடி டாங்க் ஃபாக்டரி, அம்பத்தூர் எஸ்டேட் என்று தொழிற்சாலைகள். இன்னொரு பக்கம் திருவள்ளூர் மாவட்டத்து ஏரிகளும் நெல் வயல்களும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஊர் நம்முடையது.

இந்தப் பகுதியில் நெல்லுக்கு மூன்று பட்டம் சொல்வார்கள்: சொர்ணவாரி, சம்பா, நவரை. கிணறு இருக்கிறவர் மூன்று போகமும் பார்ப்பார். ஏரித் தண்ணீரை மட்டும் நம்பினவருக்குச் சம்பா ஒன்றுதான். தையில் அறுத்தால் அப்புறம் நிலம் சும்மா கிடக்கும். மழையும் அப்படித்தான். சென்னைப் பக்கம் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியை ஒட்டி வடகிழக்குப் பருவக் காற்றில் கொட்டித் தீர்த்துவிடும். மற்ற மாசமெல்லாம் பெரும்பாலும் வெயில்தான். ஆக, மூன்று மாசம் ஈரம். ஒன்பது மாசம் மெல்ல மெல்லக் காய்ச்சல். இந்தக் காய்ச்சல்தான் நம் ஆட்டப் பஞ்சாங்கம்! ஊருக்கு ஊர் ஒரு மாசம் முன்னே பின்னே இருக்கலாம், கணக்கு ஒன்றுதான்.

தை, மாசி: அறுத்த வயலில் சடுகுடு

பஞ்சாங்கத்தைப் போகியில் இருந்து தொடங்கலாம். சென்னைப் பக்கத்துப் பையன்களுக்குப் போகி என்றால் போகி மேளம். விடியற்காலையில் குட்டி மேளத்தைத் தட்டித் தட்டியே ஊரை எழுப்பிவிடுவார்கள். பொங்கல் முடிந்ததும் ஆட்டம் ஆரம்பம்.

கதிர் அறுத்த வயலில் மேல்மண் காய்ந்திருக்கும். அடியில் லேசான ஈரம் இருக்கும். கல் கிடையாது, முள் கிடையாது. தாளை ஒதுக்கிவிட்டு ஒரு கோடு கிழித்தால் சடுகுடு களம் தயார். ஏன் அங்கே? சடுகுடுவில் விழாமல் ஆட முடியாது. பாடிக்கொண்டு போனவனைக் காலைப் பிடித்து, இடுப்பைக் கட்டி, நாலு பேர் மேலே விழுந்து அமுக்குவார்கள். கட்டாந்தரையில் விழுந்தால் முட்டி பெயர்ந்துவிடும். பொதபொதவென்ற வயல் மண், விழுகிற வேகத்தைத் தானே வாங்கிக்கொள்கிறது. நம் பாடத்தில் இம்பேக்ட் லோடு படித்தோமே, அதுதான். மோதல் நேரம் நீண்டால் விசை குறையும். இன்றைக்குச் சர்வதேசக் கபடி மெத்தை விரிப்பின் மேல் நடக்கிறது. அந்த மெத்தை செய்கிற வேலையை அன்றைக்கு அறுத்த வயல் இலவசமாகச் செய்தது!

சடுகுடுவின் கதை பெருமையானது. 1936-ல் பெர்லின் ஒலிம்பிக் சமயத்தில் அமராவதியைச் சேர்ந்த அனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலி என்ற உடற்பயிற்சி அமைப்பினர் கபடியை அங்கே ஆடிக் காட்டினார்கள். 1990-ல் பெய்ஜிங் ஆசியப் போட்டியில் முதன்முதலாகப் பதக்க ஆட்டமாக அது சேர்ந்தது. அன்று முதல் 2014 வரை ஆண்கள் தங்கத்தை இந்தியா யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை. 2018-ல் ஜகார்த்தாவில் ஈரான் தட்டிப் பறித்தது. 2023-ல் ஹாங்சௌவில் இந்தியா திரும்ப வாங்கிவிட்டது. தூத்துக்குடி மாவட்டம் மணத்தி என்ற சின்னக் கிராமத்தில் இருந்து புறப்பட்ட மணத்தி கணேசன், 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் ஆடி, 1995-க்கான அர்ஜுனா விருது பெற்றார். அவர் ஊர்ப் பெயரே அவர் பெயரானது!

இப்போது களம் 13-க்கு 10 மீட்டர், பக்கத்துக்கு 7 பேர், ஒரு பாட்டுக்கு 30 நொடி என்று எல்லாம் அளவுக்குள் வந்துவிட்டது. வயலில் ஆடினபோது மூச்சுதான் கடிகாரம். மூச்சு விட்டால் ஆள் அவுட்!

மாசி, பங்குனி: கெட்டித் தரையில் கில்லியும் பம்பரமும்

வெயில் ஏற ஏற மண் இறுகும். களத்துமேடு, தெரு, கோயில் முன்வாசல் எல்லாம் சிமெண்ட் போட்ட மாதிரி ஆகிவிடும். இப்போதுதான் கில்லிக்கு நேரம். கிட்டிப்புள், கில்லிதாண்டு என்று ஊருக்கு ஒரு பேர். நம்ம பக்கம் கில்லி.

கில்லி என்பது விரல் நீளத்துக்கும் கொஞ்சம் கூடுதலான ஒரு கட்டை; இரண்டு முனையும் கூராகச் சீவியிருக்கும். அந்தச் சீவல்தான் சூட்சுமம். தரையில் கிடக்கும்போது நடு உடல்தான் தரையைத் தொடும். முனை இரண்டும் சற்றே தூக்கலாக நிற்கும். தாண்டுக் கோலால் ஒரு முனையில் தட்டினால், தரையைத் தொடும் இடத்தைத் தாங்குபுள்ளியாகக் கொண்டு கில்லி சுழன்று மேலே எழும்பும். லீவர் தத்துவம்! எழும்பின கில்லியை அந்தரத்திலேயே இன்னொரு அடி. எவ்வளவு தூரம் போனதோ அதைத் தாண்டுக் கோலாலேயே அளப்பார்கள். அடிக்கிற கருவியே அளவுகோலும்! மண் இளகலாக இருந்தால் தட்டின முனை மண்ணுக்குள் புதையும், கில்லி எழும்பாது. ஐப்பசியில் எவனும் கில்லி ஆடாததற்குக் காரணம் இதுதான்.

கட்டைக்கும் கணக்கு உண்டு. முருங்கைக் குச்சியில் செய்தால் இரண்டு அடியில் நொறுங்கிவிடும். புளி, கொய்யா மாதிரி நார் இறுகிய மரம் அடியைத் தாங்கும். மெட்டீரியல் செலக்‌ஷன் என்று நாம் இப்போது படிப்பதை, எட்டு வயசுப் பையன் மரத்தை வளைத்துப் பார்த்தே தெரிந்துகொண்டான்.

இது நமக்கு மட்டும் சொந்தமான ஆட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தில் டிப்கேட், இத்தாலியில் லிப்பா என்று இதே ஆட்டம் இருந்தது. இரண்டு பக்கம் சீவிய கட்டை உலகம் முழுக்கப் பையன்களுக்குத் தெரிந்திருக்கிறது! ஒரே ஒரு எச்சரிக்கை: கில்லி கண்ணில் பட்டால் பார்வை போகும். எதிரில் நிற்கிறவர்கள் தள்ளி நிற்பது பயந்தாங்கொள்ளித்தனம் ஆகாது, புத்திசாலித்தனம்.

அடுத்தது பம்பரம். கடைசல் பட்டறையில் கடைந்த கட்டை, அடியில் ஒரு ஆணி, சுற்றுவதற்குச் சாட்டை. அபீட் எடுத்தீர்களா, ஆக்கர் வாங்கினீர்களா? சுற்றிக்கொண்டிருக்கும் பம்பரத்தைச் சாட்டையால் சுண்டித் தூக்கிக் கையில் பிடிப்பது அபீட். கடைசியாகப் பிடித்தவனின் பம்பரம் வட்டத்துக்குள் போகும். மற்றவர்கள் தங்கள் பம்பர ஆணியால் அதைக் குத்துவார்கள். அந்தக் குத்துத் தழும்புதான் ஆக்கர். ஆக்கர் இல்லாத பம்பரம் கடையில் இருக்கிற பம்பரம்!

இதில் ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஒரு பேச்சுக்கு, சாட்டை நழுவாமல் நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் அவிழ்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்பரத்தின் ஆரம் 2 சென்டிமீட்டர். கோண வேகம் 6-ஐ 0.02-ஆல் வகுத்தால் நொடிக்கு 300 ரேடியன். அதாவது நிமிஷத்துக்கு ஏறக்குறைய 2,860 சுற்று. எலக்ட்ரிக்கல் நண்பர்கள் இப்போது நிமிர்ந்து உட்காருவார்கள். நம் லேபில் இருக்கும் இரண்டு துருவ இண்டக்‌ஷன் மோட்டாரின் வேகமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்! கரண்ட் இல்லாமல், ஒரு முழக் கயிற்றில், ஒரு பையன் கையில்.

வேகமாகச் சுற்றும்போது பம்பரம் ஆடாமல் அசையாமல் நிற்கும். "பம்பரம் தூங்குது" என்போம். உராய்வில் வேகம் குறையக் குறையத் தலையாட்ட ஆரம்பிக்கும். அந்தத் தலையாட்டம் பெரிதாகிப் பெரிதாகிக் கடைசியில் விழும். கப்பலையும் விமானத்தையும் திசை தவறாமல் ஓட்ட உதவிய ஜைராஸ்கோப்பும் இதே தூக்கத்தை நம்பித்தான் இருந்தது. ஆனால் மணலில் விட்டால் ஆணி புதைந்து ஒரே நிமிஷத்தில் பம்பரம் செத்துவிடும். கெட்டித் தரை வேண்டும். அதனால்தான் மாசி, பங்குனி.

இந்த வழக்கம் நம்ம ஊரோடு நிற்கவில்லை. மலேசியாவின் கெலந்தான் மாநிலத்தில் 'காசிங்' என்று பெரிய பெரிய பம்பரம் விடுவார்கள். சில பம்பரங்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் சுற்றும். அங்கேயும் நெல் அறுத்த பிறகுதான் பம்பரப் போட்டி நடத்துவது வழக்கமாக இருந்தது. கடல் தாண்டியும் வயல்தான் தேதி குறித்திருக்கிறது!

சித்திரை, வைகாசி: நிழலும் நீரும்

அக்னி நட்சத்திரம். ஓடுகிற ஆட்டமெல்லாம் மத்தியானத்தில் ஓய்ந்துவிடும். வேப்பமர நிழலில் நாலடி இடம் போதும், கோலி ஆடலாம். குழி ஆட்டம், பேந்தா என்று வகை வகையாக உண்டு. தோற்றவன் முட்டியால் கோலியைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். கை முட்டி தேய்ந்துவிடும்! கோலியில் ஒரு அழகு பார்த்திருக்கிறீர்களா? ஒரே அளவுள்ள இரண்டு கோலிகள் நேருக்கு நேர் மோதினால், வந்த கோலி அங்கேயே நின்றுவிடும். நின்ற கோலி அதே வேகத்தில் ஓடும். உந்தம் கை மாறிவிட்டது. கரும்பலகையில் ஒரு மணி நேரம் நடத்துகிற பாடம் இது.

இதே சமயம் பனையில் நுங்கு. நுங்கைத் தின்றுவிட்டு மிச்சமான இரண்டு காயை எடுத்து நடுவில் ஒரு குச்சியைச் செருகினால் சக்கரமும் அச்சும் தயார். கவட்டைக் கம்பால் தள்ளினால் நுங்கு வண்டி! நமக்கு இது புதுசு இல்லை. காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் குதிரை பூட்டாத முக்கால் சிறுதேரை உருட்டி விளையாடியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவமே சிறுதேர்ப் பருவம்தான். வண்டி செய்கிற ஆசை நம் ரத்தத்தில் இருக்கிறது. ஆட்டோமொபைல் பிரிவு பிறகுதான் வந்தது!

கோடையின் ராஜா ஆட்டம் நீச்சல். கிணற்று மேட்டில் இருந்து குதிப்பது, அடியில் போய் மண் எடுத்து வந்து காட்டுவது. புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் என்ற புலவர் ஒரு பாட்டு வைத்திருக்கிறார். தடியூன்றி இருமி இருமிப் பேசும் ஒரு முதியவர், மருத மரக் கிளையில் ஏறிக் கரையில் நிற்கிறவர்கள் வியக்க ஆழ மடுவில் குதித்து, அடி மணலை அள்ளி வந்து காட்டின தன் இளமையை நினைத்து ஏங்குகிறார். ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய பையனும் நம்மைப் போலவே மண்ணை அள்ளி வந்துதான் நிரூபித்திருக்கிறான்!

ஆனால் நண்பர்களே, இங்கே விளையாட்டாகப் பேச முடியாது. அந்தக் காலத்தில் முதலில் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டித்தான் தண்ணீரில் விடுவார்கள். பக்கத்தில் ஒரு அண்ணனோ மாமாவோ இருப்பார். இன்று ஏரிகளில் மண் அள்ளின பள்ளம் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரிவதில்லை. முழங்கால் தண்ணீர் அடுத்த அடியில் ஆளை முழுங்கும். கல்குவாரிக் குட்டையும் அப்படியே. ஒவ்வொரு கோடை லீவிலும் பேப்பரில் பார்க்கிறோம். நீச்சல் தெரிந்தவர் இல்லாமல் இறங்கக் கூடாது. இது கட்டளை!

ஆனி, ஆடி: வானமே மைதானம்

"ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்." அப்படியானால் காகிதம் பறக்காதா? இந்த மாசங்களில் மேல்காற்று பலமாக அடிக்கும். மத்தியானத்துக்கு மேல் கிழக்கே இருந்து கடற்காற்று ஏறும். நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகிறது. சூடான காற்று மேலே போக, அந்த இடத்தை நிரப்பக் கடல் பக்கத்துக் குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. மெரினாவில் முதலில் வீசும் அந்தக் காற்று, 25 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே தள்ளியிருக்கும் நம்ம பக்கம் வரச் சாயங்காலம் ஆகும். காலையில் ஒரு பக்கம் பறந்த காத்தாடி மாலையில் எதிர்ப் பக்கம் பறப்பது இதனால்தான்.

காத்தாடியின் உயிர் சூத்திரம். காத்தாடி மார்பில் கட்டும் அந்த இரட்டைக் கயிற்றின் முடிச்சு மேலே போனால் காத்தாடி காற்றுக்குச் சாய்வாகப் படுத்துவிடும். கீழே போனால் நிமிர்ந்து நின்று காற்றை முழுசாக வாங்கித் தள்ளாடும். விமான இறக்கையைக் காற்றுக்கு எந்தக் கோணத்தில் வைப்பது என்று எஞ்சினியர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்களே, அதே கோணத்தைப் பையன் ஒரு முடிச்சில் சரி செய்கிறான்.

கெடுத்தது மாஞ்சா. டீல் போடுவதற்காகக் கண்ணாடித் தூள் பூசிய நூல், பிறகு அறுபடாத நைலான் நூல். சென்னையில் டூவீலரில் போனவர்கள் கழுத்து அறுபட்டு உயிர் இழந்திருக்கிறார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-ல் நைலான் நூலையும் கண்ணாடிப் பொடி பூசிய நூலையும் நாடு முழுக்கத் தடை செய்தது. தடை சரியே! பருத்தி நூலில் விட்டாலும் காத்தாடி பறக்கும். இன்னொன்று: நம்ம ரயில் பாதைக்கு மேலே ஓடுவது 25,000 வோல்ட். கம்பியில் சிக்கின காத்தாடியை எடுக்கப் போகாதீர்கள். ஈர நூலும் ஜரிகை நூலும் மின்சாரம் கடத்தும். அந்தக் காத்தாடி போனால் போகட்டும்.

ஆவணி முதல் கார்த்திகை வரை: ஈர மண்ணும் தீப்பொறியும்

ஆவணியில் கிருஷ்ண ஜெயந்தி. உறியடி, வழுக்கு மரம். எண்ணெய் பூசின மரத்தில் ஏறுகிறவனுக்கு உராய்வுக் கெழு என்றால் என்னவென்று தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை!

மழை பிடித்ததும் மண் ஊறிவிடும். பம்பரம், கில்லி, கோலி மூன்றுக்கும் லீவு. ஆனால் பையன்கள் சும்மா இருப்பார்களா? கூரான ஒரு இரும்புக் கம்பியை எடுத்து ஈர மண்ணில் வீசிக் குத்துவார்கள். குத்தி நின்றால் அந்த இடத்துக்கு நகர்ந்து மறுபடி வீசலாம்; சாய்ந்து விழுந்தால் ஆட்டம் அடுத்தவனுக்கு. இந்த ஆட்டம் ஈர மண்ணில் மட்டுமே நடக்கும். மழையில் சும்மா இருந்த மண்ணுக்கே ஒரு ஆட்டம் கண்டுபிடித்த மூளையை என்ன சொல்ல!

கார்த்திகை தீபத்தன்று மாவலி. பட்டாசு வாங்கக் காசில்லாத வீட்டுப் பையனின் பட்டாசு இது. ஆண் பனையின் பூக்குலையைக் காய வைத்து, குழியில் மூட்டம் போட்டுக் கரியாக்கி, பொடித்து, துணியில் சுருட்டி, பனை மட்டைப் பிளாச்சுகளுக்கு நடுவில் வைத்துக் கட்டுவார்கள். நெருப்பு வைத்துக் கயிற்றில் சுற்றினால் தங்கப் பொறி வட்டமாகக் கொட்டும். சுற்றச் சுற்றக் காற்று புகுந்து கரியை ஊதுகிறது; உலைக்களத் துருத்தியின் வேலை! 200 கிராம் எடையை ஒரு மீட்டர் கயிற்றில் நொடிக்கு இரண்டு சுற்று சுற்றினால், கையை இழுக்கும் விசை ஏறக்குறைய 32 நியூட்டன். மூணு கிலோவுக்கு மேல் தூக்கின மாதிரி. அதனால்தான் சின்னப் பையன் கையில் மாவலி கொடுக்க மாட்டார்கள். அடைமழையில் ஊறின ஊர். நெருப்பு வைத்து ஆட இதைவிடப் பத்திரமான மாசம் ஏது? இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது பாருங்கள்!

எங்கே போச்சு?

"எல்லாம் செல்போன் வந்து கெட்டுப் போச்சு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. மீதிப் பாதியை நாம் சொல்ல வேண்டும்.

சடுகுடுவுக்கு அறுத்த வயல் வேண்டும். வயல் மனைக்கல் நட்ட பிளாட் ஆகிவிட்டது. கோலிக் குழிக்கு மண் தெரு வேண்டும். தெரு கான்கிரீட் ஆகிவிட்டது. நுங்கு வண்டிக்கும் மாவலிக்கும் பனை வேண்டும். நம் மாநில மரம் அதுதான். ஆனால் வெட்டியது வெட்டியதுதான். 2014-ல் வண்டலூரில் இருந்து நெமிலிச்சேரி வரை வெளிவட்டச் சாலை திறந்தார்கள். பின்னர் அது மீஞ்சூர் வரை போய் மொத்தம் 62 கிலோமீட்டர் ஆனது. சாலை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில்தான் நாளைக்கு வேலைக்குப் போகப் போகிறோம்; சிவில் நண்பர்களுக்கு அதுவே சோறு. சாலை வந்தால் பிளாட் வரும், பிளாட் வந்தால் வயல் போகும். இது எல்லா ஊரிலும் நடப்பது. ஆனால் சாலைக்கு அளந்து ஒதுக்கின மாதிரி ஆட்டத்துக்கு யாரும் அளந்து ஒதுக்கவில்லையே!

ஏரியின் கதை இன்னும் முக்கியம். மழைக்காலத்தில் ஏரி தண்ணீர் பிடிக்கும். கோடையில் வற்றின ஏரியின் ஓரம் ஊருக்கே மைதானம். ஒரே இடம், இரண்டு வேலை. அதை மூடினால் இரண்டும் போகும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2019 கோடையில் குடத்தோடு நின்ற வரிசையையும் சென்னை பார்த்துவிட்டது. பையன்கள் ஆடுகிற ஏரிக்கரை பத்திரமாக இருந்தால் ஊரும் பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம்.

கிரிக்கெட்டையும் குறை சொல்ல மாட்டேன். நானும் ஆடுகிறவன்தான். ஆனால் கிரிக்கெட்டுக்குப் பருவம் கிடையாது. பன்னிரண்டு மாசமும் அதே மட்டை, அதே பந்து. பழைய ஆட்டங்கள் ஒவ்வொன்றும் பையனைத் தன் ஊரைப் பார்க்க வைத்தன. காற்று மாறினது, பனை காய்த்தது, மண் இறுகினது எல்லாம் அவனுக்குத் தெரிந்தது. அந்தக் கண் போனதுதான் பெரிய நஷ்டம்.

நாம் என்ன செய்யலாம்?

ஒன்று: நம் ஸ்போர்ட்ஸ் டேயில் கில்லியும் பம்பரமும் சேர்ப்போம். கில்லிக்கு ஒர்க்‌ஷாப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். தூரத்தைத் தாண்டுக் கோலாலும் டேப்பாலும் அளந்து இரண்டையும் பதிவு செய்வோம்.

இரண்டு: மெக்கானிக்கல் மாணவர்கள் லேத்தில் மூன்று வடிவத்தில் பம்பரம் கடைந்து, எது அதிக நேரம் தூங்குகிறது என்று ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்க்கலாம். எடை வெளிப்பக்கம் இருந்தால் என்ன, அடியில் இருந்தால் என்ன? நல்ல புராஜெக்ட்!

மூன்று: சிவில் மாணவர்கள் அவரவர் ஊரில் மிச்சமிருக்கும் களத்துமேடு, மந்தைவெளி, ஏரிக்கரைப் புறம்போக்கு இவற்றை அளந்து ஒரு வரைபடம் போடுங்கள். சர்வே பாடம் பேப்பரோடு நின்றுபோக வேண்டாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அங்கே அந்த வரைபடத்தை வைத்து, "இந்த இடம் பிள்ளைகள் விளையாட வேண்டும்" என்று கேளுங்கள். வாயால் கேட்பதற்கும் அளவோடு கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. டிப்ளமா படித்ததற்கு அதுவே பெருமை.

நான்கு: இவை ஆண் பிள்ளை ஆட்டம் என்று ஒதுக்கி வைத்தது அந்தக் காலம். ஆசியப் போட்டியில் 2010-ல் பெண்கள் கபடியும் சேர்ந்துவிட்டது. சென்னை கண்ணகி நகர் கார்த்திகா ஆடிய இந்தியப் பெண்கள் அணி 2025-ல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டித் தங்கத்தை வென்றது. ஆகவே நம் மாணவிகளுக்கும் களத்தில் பாதி இடம்!

ஐந்து: வீட்டில் தாத்தா, பெரியப்பா, மாமா யாராவது இருந்தால் அவர்கள் ஊரில் எந்த மாசம் என்ன ஆடினார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். திருவள்ளூர்ப் பக்கம் ஒன்று, செய்யாறு பக்கம் ஒன்று, அரக்கோணம் பக்கம் ஒன்று என்று வரும். நம் வகுப்பில் எல்லா ஊர்க்காரரும் இருக்கிறோம். அடுத்த ஆண்டு மலரில் அதைச் சேர்த்து அச்சிட்டால் ஒரு முழு ஆட்டப் பஞ்சாங்கமே தயாராகிவிடும்.

டிப்ளமா முடித்து நாளைக்கு நாம் ரோடு போடுவோம், லே-அவுட் போடுவோம், ஃபாக்டரி கட்டுவோம். வரைபடத்தில் நாலு கோடு கிழிக்கும் அதிகாரம் நம் கைக்கு வரும். அப்போது ஓரமாக ஒரு துண்டு மண்ணை, சிமெண்ட் போடாமல், ஒரு வேப்ப மரத்தோடு விட்டு வையுங்கள். மிச்சத்தைப் பையன்கள் பார்த்துக்கொள்வார்கள்.

வாழ்க விளையாட்டு! வளர்க நம் மாணவர் ஒற்றுமை!

— மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்,
நெமிலிச்சேரி.